சாலை கண்ட அரசி இராணி மங்கம்மாள்

கிளாவரையிலிருந்து மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் வந்து, மலையிறங்கி அழகர் கோயிலுக்கும் திருவரங்கத்திற்கும் செல்லும் அடியார்கள் இன்று ஊர்தியேறி விரைவில் சென்றடைகின்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாத்திரை என்பது பல நாள் நடை. வழியில் நிழலும் நீரும் அன்னமும் வாய்த்தாலன்றி எம்பெருமான் சேவை எளிதில் கிட்டாது. அவற்றை அரசகடமையாகவே கொண்டு நிறைவேற்றிய பெருமாட்டி, மதுரை நாயக்கர் சீமையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள்.

தளவாய் லிங்கம நாயக்கரின் திருமகளாகிய இவர், சொக்கநாத நாயக்கரை மணந்தார். 1682-இல் கணவர் மறைந்தார். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் ஏழாண்டுகளே ஆண்டு, வைசூரியால் மாண்டார். கருவுற்றிருந்த மருமகளும் ஆண்மகவைப் பெற்றபின் உயிர் துறந்தாள். தொட்டிலில் கிடந்த பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார் மங்கம்மாள். அழுவதற்கும் அவகாசம் இல்லாத காலம் அது. வடக்கே முகலாயர் படை, மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை மராட்டியர். முகலாயருக்குத் திறை அளித்து அமைதியை வாங்கினார். அதனைக் கோழைமை என்பார், அன்று படையெடுப்பால் குடிகள் பட்ட பாட்டை எண்ணாதவரே. அவசியம் நேர்ந்தபோது வாளெடுக்கவும் தயங்கவில்லை. 1697-இல் திருவிதாங்கூர் மீது சென்ற படை வென்று மீண்டது. ஆயினும் 1702-இல் கிழவன் சேதுபதியோடு நிகழ்ந்த போரில் தளவாய் நரசப்பையா வீழ்ந்தார்; அது பெரும் இழப்பு. காவிரியை மைசூர் மன்னர் அணையிட்டுத் தடுத்தபோது, பகை மறந்து தஞ்சையாருடன் கைகோத்துப் படை திரட்டினார். படை செல்லுமுன்னரே பெருமழை அணையை உடைத்துவிட்டது. அரங்கன் திருவுள்ளம் என்று அடியார்கள் கொள்வர்.

இத்தனை நெருக்கடியிலும் அவர் கை அறத்திலிருந்து வாங்கவில்லை. மதுரையிலிருந்து தென்திசை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மங்கம்மாள் சாலை என்றே பெயர் பெற்றது. இருமருங்கும் மரங்கள், இடையிடையே கிணறுகள், தண்ணீர்ப் பந்தல்கள், சத்திரங்கள். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரத்தை யாத்திரிகர் நன்கறிவர். ஒருநாள் மறதியால் இடக்கையால் தாம்பூலம் தரித்ததற்குப் பிராயச்சித்தமாகவே இவற்றைச் செய்தார் என்பது செவிவழிக் கதை. ஒரு வெற்றிலைக்கு இவ்வளவு நீண்ட சாலையா என்று கேட்கத் தோன்றுகிறது. பசித்தவர் துயர் அறிந்த தாயுள்ளமே காரணம் என்பது பொருந்தும்.

நீதியிலும் அவர் அவசரப்பட்டதில்லை. மதுரைச் சௌராஷ்டிரர்கள் ஆவணி அவிட்டம் முதலிய வைதிகச் சடங்குகளைச் செய்யலாமா என்று வழக்கு எழுந்தபோது, சாத்திரம் வல்லோரைக் கூட்டி ஆராயச் செய்து, 1705-இல் அவர்கள் உரிமையை உறுதிப்படுத்தினார். பிற சமயத்தாருக்கும் கொடை வழங்கினார். திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு அளித்த நிலக்கொடை அதற்குச் சான்று.

1706-இல் ஆட்சி பேரனிடம் சென்றது. அவ்வாண்டிலேயே அரசியும் மறைந்தார். இறுதி நாட்கள் துன்பமாய் முடிந்தன என்று கூறும் கதைகள் பல. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டப ஓவியத்தில், சிறுவனாகிய பேரனுடன் தெய்வத் திருமணத்தைத் தொழுது நிற்கிறார் மங்கம்மாள். அப்பேரனோ வளர்ந்து அரங்கனடியில் பேரன்பு பூண்டு, திருவரங்கத் திருக்கோயிலில் குடும்பத்தோடு கைகூப்பிய சிலையாய் இன்றும் நிற்கிறான்.