புகைவண்டிக்கென ஒரு புகைப்படப் பெட்டி

புகைவண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் காலனியில், ஒரு புகைவண்டியைப் படம் பிடிப்பதற்கென்றே அந்நாளில் உலகிலேயே பெரிய காமிராவை உருவாக்கிய ஒருவரின் வரலாற்றைக் கூறுவது பொருத்தமாகும் என எண்ணுகிறேன். அவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் புகழ் பெற்று விளங்கிய ஜார்ஜ் ரேமண்ட் லாரன்ஸ் என்பவராவார்.

லாரன்ஸ் 1868-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு சிறிதளவே. இளமையில் வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே மரச்சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டப் புதியதொரு முறையைக் கண்டார். மரமும் இரும்பும் கைக்குப் பழகியபின் புகைப்படத் தொழிலில் இறங்கினார். அக்காலத்தில் மண்டபங்களுக்குள் நிகழும் விருந்துகளையும் கூட்டங்களையும் படம் எடுப்பது எளிதன்று. வெளிச்சத்துக்காகக் கொளுத்தும் மருந்து கண்ணைக் கரிக்கும் புகையைக் கிளப்பும். லாரன்ஸ் புகை குறைந்த, ஒளி மிகுந்த கலவையொன்றைக் கண்டு, பல இடங்களில் வைத்த மருந்தை மின்சாரத்தால் ஒரே நொடியில் கொளுத்திக் காட்டினார். பிறரால் ஆகாது எனக் கைவிட்ட படங்களை எடுப்பதே தம் தொழில் என்று விளம்பரமும் செய்து கொண்டார். அந்த விளம்பரத்திற்குச் சோதனை விரைவிலேயே வந்தது.

சிகாகோ அண்டு ஆல்டன் ரயில்வே கம்பெனியார் 1899-இல் ஆல்டன் லிமிடெட் என்னும் புதிய வண்டித் தொடரை அமைத்தனர். பெட்டிகள் யாவும் ஒரே உயரம். சன்னல்கள் யாவும் ஒரே அளவு. அவ்வழகு முழுவதும் ஒரே படத்தில், அதுவும் எட்டடி நீளத்தில் விளங்க வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். வண்டியைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டிவிடலாமே என்னும் யோசனை முதலில் எழுந்தது. ஆனால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் நிற்பதால் வண்டியின் உண்மையான தோற்றமும் கெடும். ஆதலின் அவ்யோசனை கைவிடப்பட்டது. எட்டடிப் படத்திற்கு எட்டடித் தகடே வேண்டும். அத்தகடு கொள்ளும் காமிரா உலகில் இல்லை. இல்லாவிடில் செய்துகொள்வோம் எனத் துணிந்தார் லாரன்ஸ்.

அவர் வகுத்த திட்டப்படி, சிகாகோவைச் சேர்ந்த ஜே. ஏ. ஆண்டர்சன் என்னும் கைவினைஞர் சுமார் இரண்டரை மாதத்தில் அதனைச் செய்து முடித்தார். செர்ரி மரத்தாலான சட்டம். ரப்பர் பூசிய துணியாலான துருத்தி. லென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையே பல அடி தூரம் வேண்டியிருந்தமையால், துருத்தியை விரித்தால் காமிரா இருபதடி நீளும். அவ்வளவு நீளமான துருத்தி நடுவில் தொய்ந்துவிடாதா? அதற்காக அதனைப் பகுதிகளாகப் பிரித்து, சிறு சக்கரங்கள் பூட்டிய சட்டங்களில் நிறுத்தி, இரும்புத் தண்டவாளத்தின்மேல் நகரச் செய்தனர். ரயிலைப் பிடிக்க வந்த காமிராவும் தண்டவாளத்தில் ஓடியது என்பது நமக்கெல்லாம் இனிக்கும் செய்தியன்றோ!

கண்ணாடித் தகட்டின் அளவு எட்டடிக்கு நாலரையடி. காமிராவின் எடை 900 ராத்தல். தகடும் அதன் கூடும் சேர்ந்தால் 1,400 ராத்தல், அதாவது ஏறக்குறைய 635 கிலோ. இயக்கப் பதினைந்து ஆட்கள் வேண்டும். செலவு 5,000 டாலர். தகட்டில் படிந்த தூசியைத் துடைக்க ஓர் ஆள் காமிராவின் முன்கதவைத் திறந்து உள்ளேயே நுழைவார். லென்ஸைச் சிவப்புக் கண்ணாடியால் மூடியபின், அந்த இருட்டறையில் மெல்லிய தூரிகையால் தகட்டைத் துடைத்துவிட்டு, வந்த வழியே வெளியேறுவார்.

1900-இல் இப்பெட்டியைத் திறந்த ரயில் வண்டியொன்றில் ஏற்றி, நகர்ப்புறத்திலுள்ள பிரைட்டன் பார்க்குக்குக் கொண்டு சென்றனர். ஆல்டன் லிமிடெட் அங்கே அசையாது நின்றது. இரண்டரை நிமிடம் ஒளி தகட்டில் விழுந்தது. வண்டி முழுவதும் ஒட்டும் வெட்டும் இன்றி ஒரே தகட்டில் பதிந்தது.

அதன் பிரதிகள் அவ்வாண்டு பாரிஸ் கண்காட்சிக்குச் சென்றன. அங்கே புகழ்ச்சிக்கு முன் வந்தது ஐயம். இத்துணைப் பெரிய படம் ஒரே தகட்டில் எடுத்ததாக இருக்க முடியாது என்று அதிகாரிகள் கருதினர். நியூயார்க்கிலிருந்த பிரெஞ்சுத் தூதரக அதிகாரி சிகாகோவுக்கு நேரில் வந்து காமிராவைக் கண்ட பின்னரே ஐயம் தீர்ந்தது. பரிசும் கிடைத்தது.

லாரன்ஸ் அத்துடன் ஓய்ந்தாரில்லை. உயரத்திலிருந்து படம் எடுக்கும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. 1901-இல் பலூனில் ஏறியபோது, அவர் நின்ற கூடு அறுந்து 200 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழ்ந்தது. கீழே சென்ற டெலிபோன், தந்திக் கம்பிகள் தாங்கியமையால் உயிர் பிழைத்தார். வேறொருவராயின் அவ்வாசையையே துறந்திருப்பார். லாரன்ஸோ தாம் தரையில் நின்று, காமிராவை மட்டும் வானுக்கு அனுப்பும் வழியைத் தேடினார். வரிசையாகக் கட்டிய பெரும் பட்டங்கள் காமிராவைத் தூக்கின. கம்பி வழியே சென்ற மின்சாரம் அதனை இயக்கியது. 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தாலும் தீயாலும் பாழானபோது, சில வாரங்களுக்குள் அங்கு சென்று, பதினேழு பட்டங்களின் துணையால் 2,000 அடி உயரத்திலிருந்து நகர் முழுவதையும் நாலடி நீளமுள்ள ஒரே பிலிமில் பதித்தார். அழிவின் அளவை உலகுக்கு ஒரே பார்வையில் காட்டிய அப்படத்தின் விற்பனையால் 15,000 டாலர் ஈட்டியதாகக் கூறுவர்.

அவர் தொட்டதெல்லாம் வென்றதென்று கூறுவதற்கில்லை. 1909-இல் வனவிலங்குகளை வானிலிருந்து படம் பிடிக்கக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்ற முயற்சி பலிக்கவில்லை. பின்னர் விமானம் கட்டும் தொழிலில் நாட்டம் செலுத்தினார். 1938-இல் காலமானார்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியைப் பக்கவாட்டில் நகர்த்தி, நின்ற ரயிலை நொடிப்பொழுதில் நீண்ட படமாக்கி விடுகின்றனர். அதுவும் பல துண்டுகளை ஒட்டிய படமே. ஒட்டு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஓடும் வண்டியை அவ்விதம் எடுத்துப் பார்த்தால், பெட்டிகள் குறுகியும் நீண்டும் கோணுவதைக் காணலாம். ஒட்டுப் போடாத உண்மைக்காக 1,400 ராத்தல் சுமையையும் பதினைந்து பேர் உழைப்பையும் அன்று ஏற்றார் ஒருவர். தக்க கருவி இல்லை என்று சொல்லி வேலையைக் குறைத்துக்கொள்வது எளிது. வேலைக்குத் தக்க கருவியைச் செய்துகொள்வதே தொழிலாளிக்குப் பெருமை. நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் இதனை மனத்திற் கொள்வாராக.