நிலம் கேட்ட பண்டிதர்

அயோத்திதாசப் பண்டிதரைத் தமிழ்ப் பௌத்தத்தை மீட்டெடுத்தவராகவும் இதழாளராகவும் நாம் போற்றுகிறோம். அவர் நிலம் கேட்டவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1845 மே 20 அன்று பிறந்த அவரது இயற்பெயர் காத்தவராயன். கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். நீலகிரியில் வளர்ந்து சித்த மருத்துவரானார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார்.

1892 ஏப்ரலில், சென்னை விக்டோரியா மண்டபத்தில் கூடிய சென்னை மகாஜன சபைக்கு நீலகிரியின் பேராளராகச் சென்றார். கோயில் நுழைவு உரிமையை அவர் கேட்டபோது அவை கூச்சலிட்டு மறுத்தது. அவர் பின்வாங்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் குழந்தைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், ஊர்ப்புறத் தரிசு நிலங்களும் வேண்டுமென்றார். கோயிலை மறுத்த அவை இவ்விரண்டையும் ஏற்றது.

சேற்றில் இறங்கி நெல் விளைத்தவர் அன்று கூலி நெல்லுக்குக் காத்து நின்றார். செங்கல்பட்டில் அவர் குடியிருந்த மனைகூட மிராசுதாரரின் பிடியில் இருந்தது. தரிசுக்கு மனுச் செய்தால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. இந்நிலையை அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கையாக அளித்தார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் உருவானது. முதல் பத்தாண்டுகள் அதனை விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கன்றிப் பிறருக்குக் கைமாற்றலாகாது.

1907இல் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். உழைப்போரை இழிவுபடுத்தும் சாதி, வேளாண்மையையும் நாட்டையும் சேர்த்தே சீரழிக்கும் என்பது அவர் நிலைப்பாடு. 1914 மே 5 அன்று மறையும்வரை அவ்விதழை நடத்தினார்.

இன்று நீடித்த வேளாண்மை குறித்துக் கருத்தரங்குகள் பல நடக்கின்றன. மண்ணின் நலமும் விதையின் தூய்மையும் அங்கே பேசப்படுகின்றன. மண் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. மணிலாவும் சவுக்கும் முந்திரியும் விளையும் நம் வானூர், சட்டமன்றத்துக்குத் தனித் தொகுதி. புதுச்சேரியை ஒட்டிய இவ்வட்டத்தில் வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. தொகுதி நமக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. நமக்கென ஒதுக்கப்பட்ட நிலம் யார் கையில் இருக்கிறது?

விடை கிராம நிர்வாக அலுவலகத்தின் 'அ' பதிவேட்டில் தொடங்குகிறது. மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தகவல் உரிமைச் சட்டத்தின் துணையோடு, ஊர் ஊராக அதனைக் கேட்டுப் பெற வேண்டும். பண்டிதர் அன்று அவையில் எழுந்து நின்று கேட்டார். நாம் ஆவணத்தோடு கேட்போம்.