ஊர் ஆட்டம் கற்று உலகை வென்றவர்!

திருவள்ளூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தாயம் ஆடுகிறார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தென்மாவட்டத்து உறவினர் ஒருவரும் சேர்ந்துகொள்கிறார். சிறிது நேரத்தில் வாக்குவாதம் வந்துவிடுகிறது. எதிரியின் காயை ஒரு முறையாவது வெட்டாமல் பழம் ஏற்றலாமா, கூடாதா? ஏற்றலாம் என்கிறது ஒரு கட்சி. எங்கள் ஊரில் கூடாது என்கிறது மறு கட்சி.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான். வீட்டு ஆட்டத்துக்கு ஊருக்கு ஒரு விதி உண்டு. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால், எல்லோருக்கும் ஒரே விதிதான்.

சதுரங்கமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஊர் விதியில் ஆடிப் பழகிய ஒருவர், பிறகு போட்டி விதியைக் கற்றார். சீமைக்குப் போனார். பெரிய பெரிய வீரர்களை எல்லாம் தோற்கடித்தார். அவர்தான் சுல்தான் கான்.

தந்தை கற்றுத் தந்த ஆட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபில் மிட்டா திவானா என்ற ஊரில் சுல்தான் கான் பிறந்தார். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார்.

அது இன்று பள்ளிப் பிள்ளைகள் ஆடும் செஸ் அல்ல. பலகை அதேதான். கட்டங்களும் 64தான். விதிதான் வேறு.

போட்டி விதியில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். ஊர் ஆட்டத்தில் ஒரு கட்டம்தான். போட்டி விதியில் ராஜா யானையின் பக்கம் இரண்டு கட்டம் நகர, யானை அவரைத் தாண்டிக் காவலாக நிற்கும். ஊர் ஆட்டத்தில் அது இல்லை. ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். மறுகோடியை எட்டிய சிப்பாய்க்குப் பதிலாகப் போட்டியில் ராணியையே கேட்டு வாங்கலாம். ஊர் ஆட்டத்திலோ, எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்கு உரிய காய்தான் கிடைக்கும்.

இதனால் ஊர் ஆட்டம் மெதுவாக நடக்கும். கைகலப்பு தாமதமாகத்தான் தொடங்கும். அவசரக்காரருக்கு அது ஏற்றதல்ல. பொறுமைசாலிக்கு ஏற்றது. சுல்தான் கான் பொறுமைசாலி. 21 வயதுக்குள் பஞ்சாபிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டார்.

பிரபுவின் ஆதரவு

சர் உமர் ஹயாத் கான் பஞ்சாபின் பெரிய நிலப்பிரபு. சதுரங்கப் பிரியர். அவர் சுல்தான் கானைத் தம்மிடம் வைத்து ஆதரித்தார். ஐரோப்பிய விதிகளைக் கற்க ஏற்பாடு செய்தார்.

பழகிய கையை மாற்றுவது எளிதா? மற்றவர்கள் சிறு வயது முதல் பழகிய விதியைச் சுல்தான் கான் வாலிப வயதில் கற்றார். ஆனாலும் 1928-ம் ஆண்டில் அகில இந்தியப் பட்டத்தை வென்றார். எட்டு ஆட்டங்களில் வெற்றி, ஒன்றில் சமன். தோல்வியே இல்லை.

1929-ல் பிரபு அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். பழகிக்கொள்வதற்காக அங்கே ஒரு சிறு போட்டி நடத்தினார்கள். அதில் சுல்தான் கானுக்குக் கடைசி இடமே கிடைத்தது! அதையும் இன்னொருவருடன் பங்கிட்டுக் கொண்டார்.

காரணம் என்ன? ஐரோப்பியர்கள் ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைப் புத்தகம் புத்தகமாகப் படித்து வைத்திருந்தார்கள். சுல்தான் கானுக்கு அந்தப் படிப்பு இல்லை.

விண்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கில வீரர்கள் அவருக்குப் பயிற்சி தந்தார்கள். அதே ஆண்டில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. முதல் இடம் சுல்தான் கானுக்கு! சில மாதங்களுக்கு முன் கடைசி, இப்போது முதல்!

மேதையை வென்ற மேதை

இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சளி, காய்ச்சல், தொண்டை வலி என்று மாறி மாறி வந்தன. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பலகை முன் உட்காருவார். தொடக்கத்தில் பின்தங்குவார். ஆட்டம் நடுவுக்கு வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. காய்கள் குறையக் குறைய அவர் கை ஓங்கும். ஊர் ஆட்டம் கற்றுத் தந்த பொறுமை அங்கே கைகொடுத்தது.

கியூபா நாட்டுக் கபாபிளாங்கா முன்னாள் உலகச் சாம்பியன். அவரைத் தோற்கடிப்பது அபூர்வம். 1930-ம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சுல்தான் கான் அவரை வென்றார். தோற்ற கபாபிளாங்காவே பின்னர் அவரை மேதை என்று எழுதினார்.

1931-ல் பிராக் நகர ஒலிம்பியாடில் ரூபின்ஸ்டைன், ஃப்ளோர் என்ற இரண்டு பெரும் வீரர்களை வென்றார். அப்போதைய உலகச் சாம்பியன் அலெகைனுடன் சமன் செய்தார். 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

1933-ம் ஆண்டு முடியும்போது பிரபு தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். 1935-ல் காடில்கர் என்ற வீரருடன் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றே ஒன்றில் மட்டும் சமன் செய்து, மற்றவற்றை எல்லாம் வென்றார். அதன் பிறகு பெரிய போட்டிகளில் அவரைக் காணவில்லை. சீமையில் அவர் ஆடிய காலம் ஐந்து ஆண்டுகூட இல்லை.

வராத பட்டம்

சுல்தான் கான் தமது நிலத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். 1947-ல் நாடு பிரிந்தபோது அவர் ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று.

1950-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. 27 பேருக்குக் கிடைத்தது. போட்டிகளை விட்டுப் பல ஆண்டுகள் ஆன ரூபின்ஸ்டைனுக்கும் கிடைத்தது. அவரைப் பிராகில் வென்ற சுல்தான் கானுக்குக் கிடைக்கவில்லை!

தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கப் பயிற்சி தரவில்லை. வாழ்க்கைக்குப் பயன்படும் வேறு வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். அவருடைய மகன் பின்னாளில் இதை நினைவுகூர்ந்தார். உலகை வென்ற ஒரு தந்தை அப்படிச் சொன்னார் என்றால், அந்த மனத்தில் எவ்வளவு இருந்திருக்கும்!

1966-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந்தேதி சர்கோதா நகரில் அவர் காலமானார்.

2024-ம் ஆண்டு பிப்ரவரியில் அதே கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. இறந்து 58 ஆண்டு ஆகப்போகிற நேரத்தில் பட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் சிறு வயது முதலே போட்டி விதியில் பயிற்சி பெற்றவர். சுல்தான் கானுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

போட்டி விதி தேவைதான். அது இருப்பதால்தான் முன்பின் தெரியாத இருவர், ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாவிட்டாலும், சண்டையில்லாமல் ஆட முடிகிறது. ஆனால் ஊர் ஆட்டம் மட்டமானது அல்ல. சுல்தான் கானின் அறிவு விளைந்தது அதில்தான்.

ஆகவே, பிள்ளைகள் திண்ணையில் தங்கள் விதியில் ஆடினால் தடுக்காதீர்கள். காயைத் தொடுவதற்கு முன் எந்த விதி என்று பேசி முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். அது போதும்.