தலைக்கவசத்தில் நான்கு எழுத்துகள்

யூரி ககாரின் 1934 மார்ச் 9 அன்று சோவியத் ஒன்றியத்தின் குளூஷினோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியப் படையினர் அவ்வூரைப் பிடித்து, அவர்கள் வீட்டையும் பறித்துக்கொண்டனர். குடும்பத்தினர் தோட்டத்து மண்ணைக் குடைந்து குடில் அமைத்து வாழ்ந்தனர். அண்ணனும் அக்காவும் கட்டாய வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

போருக்குப் பின் உலோக வார்ப்புத் தொழில் கற்ற ககாரின், விமானம் ஓட்டவும் பழகிப் படை விமானி ஆனார். 1960ஆம் ஆண்டு விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 20 பேருள் அவரும் ஒருவர். வஸ்தோக் கலத்தை முதன்முதலாகக் காணச் சென்றபோது, காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டே அதனுள் ஏறினார் என்பர். வீட்டு வாயிலில் காலணியைக் கழற்றுவது அந்நாட்டிலும் வழக்கமே.

1961 ஏப்ரல் 12 அன்று அவர் அணிந்த விண்வெளி உடையின் மேலுறை செம்மஞ்சள் நிறமுடையது. எங்கு இறங்கினாலும் தேடுவோர் கண்ணில் படவேண்டும் அல்லவா? ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. முந்தைய ஆண்டுதான் அமெரிக்க உளவு விமானம் ஒன்று அந்நாட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. அதன் விமானி வான்குடையில் இறங்கிப் பிடிபட்டார். ககாரினையும் ஒற்றர் என்று மக்கள் கருதிவிட்டால்? எனவே, புறப்படுவதற்குச் சற்று முன்னர் அவரது வெண்ணிறத் தலைக்கவசத்தின்மேல் நாட்டின் பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்துகளைச் சிவப்பு வண்ணத்தில் தீட்டினர்.

புவியை ஒருமுறை சுற்றிய அப்பயணம் 108 நிமிடங்களில் முடிந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தை விட்டு வெளியேறிய ககாரின், வான்குடையின் துணையால் சராத்தவ் பகுதியில் இறங்கினார். அங்கே வயலில் இருந்த மூதாட்டியும் அவர் பேத்தியும் அவரைக் கண்டு அஞ்சிப் பின்வாங்கினர். தீட்டிய எழுத்துகள் அந்நேரத்தில் போதவில்லை. தாமும் அந்நாட்டவரே என்று ககாரின் அவர்கள் மொழியிலேயே உரக்கச் சொன்னார். அதன் பின்னரே அவர்தம் அச்சம் தணிந்தது.

உலகமே அவரைக் கொண்டாடியது. அவ்வாண்டின் இறுதியில் அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

1968 மார்ச் 27 அன்று, பயிற்சிப் பறத்தலின்போது விமானம் வீழ்ந்து, 34ஆம் வயதில் ககாரின் மறைந்தார். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள விண்மீன் நகரில் அவரது அலுவல் அறை அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. அவர் அணிந்த படைத்துறை மேலங்கி அங்கே தொங்குகிறது. கடிகாரம் அவர் மறைந்த நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. விண்வெளிக்குப் புறப்படும் வீரர்கள் இன்றும் அவ்வறைக்குச் சென்று, அங்குள்ள குறிப்பேட்டில் கையொப்பமிடுகின்றனர்.