மார்செல்லோ மால்பீகி

வட இத்தாலியில் பொலோஞா என்னும் பழம்பெரு நகரம் ஒன்று உண்டு. அந்நகரை அடுத்த கிரெவால்கோரே என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டில் மார்செல்லோ மால்பீகி பிறந்தார். குருதி உடலெங்கும் சுற்றியோடி மீண்டும் இதயத்தையே அடைகிறது என்னும் உண்மையை, ஆங்கில மருத்துவரான ஹார்வி நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்நூல் காட்டாது விட்டதைக் கண்டு காட்டும் பேறு, அவ்வாண்டில் பிறந்த இக்குழந்தைக்கே வாய்த்தது.

மால்பீகி தம் பதினேழாம் வயதில் பொலோஞாப் பல்கலைக்கழகம் புகுந்தார். கல்வி முடியுமுன்பே, 1649-இல், தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். குடும்பச் சுமை தோள்மேல் விழுந்தும் கற்பதைக் கைவிடாது, 1653-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பீசா, பொலோஞா, மெஸ்ஸினா ஆகிய நகரங்களில் ஆசிரியராய் அமர்ந்தார்.

நுண்ணோக்கி அக்காலத்தில் புதியதொரு கருவி. பலர் அதனை வேடிக்கைப் பொருளாகவே கருதினர். மால்பீகியோ அதன்வழியே தவளையின் நுரையீரலை நோக்கினார். நாடிகளையும் சிரைகளையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய தந்துகிகள் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. இது நிகழ்ந்தது 1661-இல். ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அடுத்து அவர் கருத்தைக் கவர்ந்தது சிறுநீரகம். அதனை வெறுஞ்சதைத் திரள் என்றே முன்னோர் பலர் எண்ணியிருந்தனர். மால்பீகி, மதுச்சாரத்தில் கருஞ்சாயம் கலந்து சிறுநீரகத்தின் நாடிக்குள் செலுத்தினார். பின்னர் அவ்வுறுப்பை அறுத்து நோக்கியபோது, கிளைகளில் ஆப்பிள் கனிகள் தொங்குவது போன்று, நாடியின் நுனிகளில் சின்னஞ்சிறு உருண்டைகள் கருநிறம் பெற்றுத் தொங்குவதைக் கண்டார். குருதியினின்று சிறுநீர் பிரிவது இவ்விடத்தேதான் என்று துணிந்தார். இவ்வாராய்ச்சி 1666-இல் நூலாயிற்று. அவ்வுருண்டைகளுக்கும் சிறுநீரகத்தின் நுண்குழல்களுக்கும் உள்ள தொடர்பை மட்டும் அவரால் காண இயலவில்லை. அதனை 1842-இல் ஆங்கிலேயரான போமன் என்பார் கண்டார். இடையே ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தன!

உறுப்பின் அமைப்பைக் கண்டவர்க்கு, அஃது உருவாவது எங்ஙனம் என்னும் வினா எழுதல் இயல்பே. மால்பீகி கோழி முட்டைகளை ஒவ்வொன்றாய் உடைத்து, கரு வளரும் படிகளைக் கூர்ந்து நோக்கினார். இதயம் தோன்றுவதையும் குருதிக் குழல்கள் படர்வதையும் வரைந்து காட்டினார். அடைகாக்கப்படாத முட்டையிலும் கருவின் வடிவம் இருக்கக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். அது கடுங்கோடையில் செய்த சோதனை. அவ்வெப்பமே கருவை வளரத் தூண்டியிருக்கலாம் என்பர் பின்வந்தோர். நுணுகி நோக்கும் கண்ணும் சில வேளை பருவத்தை மறந்துவிடுகிறது போலும்.

வடிவத்தை அவர் கண்டார். அதனை எழுப்பும் ஏவலைக் காண அக்காலக் கருவி உதவவில்லை. இன்று நாம் அறிவது இது: சிறுநீரகம் தோன்றவேண்டிய இடத்தில் உள்ள திசு, ஒருவகைப் புரதத்தைச் சுரக்கிறது. அருகிலுள்ள குழல் அதனை உணர்ந்து மொட்டு விட்டு, அத்திசுவினுள் நுழைந்து மரம்போலக் கிளைக்கிறது. கிளைநுனிகள் தம் பங்குக்கு வேறு புரதங்களை அனுப்ப, சுற்றியுள்ள உயிரணுக்கள் திரண்டு வடிகுழல்களாகின்றன. இத்தகைய புரதங்களை வளர்ச்சிக் காரணிகள் என்பர். முதலிற் கூறிய புரதம் இல்லாது பிறந்த சுண்டெலிகளுக்குச் சிறுநீரகமே அமையவில்லை என்பது 1996-இல் தெளிவாயிற்று.

மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் வடிகுழல்கள் உள்ளன. அவை யாவும் பிறக்குமுன்பே அமைந்துவிடுவன. பின்னர்ப் புதியன தோன்றுவதில்லை. ஆயினும், நஞ்சினாலோ குருதிக் குறைவினாலோ குழலின் சுவர் சிதைந்தால், எஞ்சிய உயிரணுக்கள் பெருகி அதனைச் செப்பனிடுகின்றன. அப்பணிக்கும் வளர்ச்சிக் காரணிகளே துணை. இவற்றுள் சில அளவின்றி நீடித்துச் சுரந்தால் சிறுநீரகம் தழும்பேறிப் பழுதாவதும் உண்டு.

இலண்டன் அரச கழகம் 1669-இல் மால்பீகியைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. சொந்த ஊரிலோ பகைமையே மிகுந்தது. ஸ்பராலியா குடும்பத்தாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நில எல்லையைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நிலவியது. அது கொலை வரையில் முற்றியது. 1684-இல் அவர் வீடு தீப்பற்றி எரிந்து, நுண்ணோக்கிகளும் கைப்படிகளும் அழிந்தன. 1689-இல், அக்குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் ஒருவர், நுண்ணிய உறுப்புகளை ஆராய்வதால் நோயாளிக்குச் சிறிதும் பயனில்லை என்று நூல் எழுதினார். மால்பீகி வெகுண்டிலர், உடலின் அமைப்பை அறியாதார் செய்யும் மருத்துவம் நெறிப்படாது என்று விளக்கி மறுப்பு எழுதினார்.

1691-இல் திருத்தந்தையின் மருத்துவராக உரோமுக்கு அழைக்கப்பட்டார். அப்போதே அவரைச் சிறுநீரகக் கல்நோய் வாட்டிக்கொண்டிருந்தது. 1694 நவம்பர்த் திங்களில் உரோமிலேயே உயிர் நீத்தார். அவர் உடலை அறுத்து ஆராய்ந்த பாலீவி என்னும் மருத்துவர், வலப்புறச் சிறுநீரகம் இடப்புறத்ததில் பாதியளவே இருக்கக் கண்டார். பகைவர்க்கு எழுதிய மறுப்பு, மூன்றாண்டுகள் கழித்து, 1697-இல் இலண்டனில் அச்சேறியது.