பின்சக்கரத்துக்காக வாழ்ந்த மனிதர்: பிலிப் வின்சென்ட்

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் மலைப்பாதையில், ஒவ்வொரு குழியிலும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார் மாமா. பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர் அவர். 1983 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனார். 2009 இல் பட்ட ஷெல் துண்டின் காயம் இன்னும் அவரது இடுப்பில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை சொந்தபந்தங்களைப் பார்க்க மலைக்கு வருவார்.

அவர் வருவதற்கு முன்பு என்னுடைய பைக்கில் இரண்டு மாற்றங்களைச் செய்து வைத்திருந்தேன். ஏற்றத்தில் நன்றாக இழுக்கட்டும் என்று பின்சக்கரத்துக்குப் பெரிய பற்சக்கரம் போட்டேன். இரண்டு பேரைச் சுமக்கட்டும் என்று ஷொக் அப்சோபரின் ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டேன். பைக் இழுத்தது. ஆனால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, வளைவில் கைக்கு அடங்காமல் வெளியே ஓடியது. சின்னக் கல்லில் ஏறினாலும் பின்சக்கரம் துள்ளியது. பதுளையில் கராஜ்காரர் ஒருவர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆசனத்துக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். வண்டியின் குணம் முழுவதும் அந்த இடத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்பது அவரது கணிப்பு. அந்த இடத்துக்காகவே வாழ்ந்த ஒரு மனிதரின் கதையை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

பிலிப் கொன்ராட் வின்சென்ட் 1908 மார்ச் 14 ஆம் திகதி பிறந்தார். பெற்றோருக்கு ஆர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணை இருந்தது. சிறுவயதின் ஒரு பகுதி அங்கே கழிந்தது. பிறகு இங்கிலாந்தின் ஹரோ பாடசாலையிலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் படித்தார். படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1927 இல், தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 19.

அன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லை. பின்சக்கரம் நேரடியாகச் சட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் முதுகுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, ஆசனத்தின் அடியில் இருந்த சுருள்வில்தான். பின்சக்கரம் அசைந்தால் வண்டி வளைவில் நெளியும் என்று அக்காலத்து ஓட்டுநர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதற்கு முன் வந்த சில ஸ்பிரிங் சட்டகங்கள் பலவீனமானவை. சக்கரம் மேலும் கீழும் மட்டும் அசையாமல் பக்கவாட்டிலும் முறுகியது.

வின்சென்ட் தவறை வேறிடத்தில் கண்டார். சக்கரம் அசைவதில் குற்றமில்லை, அதைத் தாங்கும் கவை முறுகுவதில்தான் குற்றம் என்பது அவரது முடிவு. எனவே பின்கவையைப் பக்கத்துக்கு ஒரு முக்கோணமாக அமைத்தார். முக்கோணத்தின் ஒரு முனையில் பின்சக்கரம். இன்னொரு முனை கியர்ப்பெட்டிக்குச் சற்றுப் பின்னால் அச்சில் சுழலும். மேல் முனை ஆசனத்தின் கீழ் இருக்கும் ஸ்பிரிங்குகளை அழுத்தும். முக்கோணம் எளிதில் வளையாது. அதனால் சக்கரம் மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் முறுகாது. சுழலும் அச்சு கியர்ப்பெட்டிக்கு அருகில் இருந்ததால், சக்கரம் ஏறி இறங்கும்போது செயினின் இறுக்கமும் அதிகம் மாறவில்லை. 1928 இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

அதே ஆண்டு, தந்தையின் பணத்தைக் கொண்டு, மூடப்பட்டிருந்த எச்.ஆர்.டி. நிறுவனத்தின் பெயரை வாங்கினார். அதை நிறுவியவர் ஹோவர்ட் ரேமண்ட் டேவிஸ். முதலாம் உலகப் போரில் விமானியாகப் பறந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, போர்க்கைதியாக இருந்தவர். 1925 இல் மான் தீவின் புகழ்பெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தில் தன் பெயரிட்ட வண்டியிலேயே வென்றவர். ஆனாலும் அவரது தொழில் நிலைக்கவில்லை. பெயர் தெரியாத இளைஞன் செய்த வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அறிந்த வின்சென்ட், அந்தப் பெயருக்கு முன்னால் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் நகரில் வின்சென்ட் எச்.ஆர்.டி. தொடங்கியது.

பெயர் இருந்தும் வியாபாரம் கடினமாக இருந்தது. பின்பக்கம் ஸ்பிரிங் இருப்பதைத்தான் விளம்பரத்தில் முன்வைத்தார். வாங்குபவர்களை விலகிப் போகச் செய்ததும் அதுவே. பழைய முறைப்படி ஒரு வண்டி செய்து விற்றிருந்தால் சுலபமாகப் பிழைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. அவரது நிறுவனம் கடைசி நாள் வரை செய்த வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே பின்பக்க ஸ்பிரிங்குடன்தான் வெளிவந்தன.

1930களின் தொடக்கத்தில் பில் இர்விங் என்ற அவுஸ்திரேலியப் பொறியியலாளர் அவருடன் சேர்ந்தார். 1934 டி.டி. பந்தயத்தில் வெளியிலிருந்து வாங்கிய எஞ்சின்கள் காலை வாரிவிட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரும் சொந்தமாக 500 சிசி எஞ்சினைச் செய்துவிட்டார்கள். பிறகு அந்த எஞ்சினின் இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்துப் பார்த்தபோது, இரட்டை சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் உருவம் இர்விங்குக்குத் தெரிந்தது. 1936 இல் 998 சிசி ரெப்பிட் பிறந்தது அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை போர்த் தேவைகளுக்கு வேலை செய்தது. விமானத்திலிருந்து கடலில் போடும் உயிர்காப்புப் படகுக்கான எஞ்சினும் அங்கே உருவானது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946 இல், புதிய ரெப்பிட் வந்தபோது அதில் வழக்கமான சட்டகமே இல்லை. எஞ்சினே சட்டகத்தின் வேலையைச் செய்தது. பின்முக்கோணம் எஞ்சின் தொகுதியின் பின்புறத்திலேயே பூட்டப்பட்டது.

அந்த வண்டியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடலாம். இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பற்சக்கரங்களைப் பூட்டிக்கொண்டால், சக்கரத்தைத் திருப்பியதும் இழுவை மாறிவிடும்.

அதன் பயனை நம் மலைகளில் வைத்துப் பார்க்கலாம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. முன்பக்கம் 14 பல், பின்பக்கம் 42 பல் என்றால், முன் பற்சக்கரம் மூன்று முறை சுற்றப் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். பின்பக்கத்தை 45 பல்லாக்கினால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். எஞ்சினின் அதே சுழற்சிக்கு வேகம் ஏறத்தாழ அதே அளவு குறையும். முன்பக்கத்தில் ஒரு பல்லைக் குறைத்தாலும் கிட்டத்தட்ட இதே விளைவுதான்.

ஆனால் மாற்றம் இழுவையோடு நிற்பதில்லை. அதே நீளச் செயினில் பெரிய பற்சக்கரத்தைப் போட்டால், பின்சக்கரம் சற்று முன்னுக்கு வர வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் குறையும். பின்னால் ஒருவர் இருக்க, ஏற்றத்தில் முன்சக்கரம் இன்னும் லேசாகும். செயின் இழுக்கும் கோடும் பின்கவையின் சாய்வும் சேர்ந்துதான், நாம் வேகம் கொடுக்கும்போது பின்பக்கம் அமர்கிறதா எழுகிறதா என்பதைத் தீர்மானிக்கின்றன. பல்லின் எண்ணிக்கையை மாற்றினால் அந்தக் கோடும் மாறும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்கவை அதிகம் சாய்ந்து, வண்டி வளைவில் திரும்பச் சோம்பல்படும். பின்பக்கம் உயர்ந்தால் சட்டென்று திரும்பும், நேர்ப்பாதையில் பதறும். ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால், குழியில் இறங்க வேண்டிய சக்கரம் அதன்மேல் தாவும். தரையில் படாத டயருக்கு பிரேக்கும் இல்லை, பிடிமானமும் இல்லை.

எனக்கு நடந்தது இதுதான். மாமாவின் இடுப்பில் வலித்ததும், வளைவில் வண்டி வழுக்கப் பார்த்ததும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

1948 இல் வின்சென்டின் பிளக் ஷேடோ வந்தது. மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடக்கூடியது. அதே ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் திகதி, அமெரிக்காவின் பொனவில் உப்பு வெளியில், ரோலி ஃப்ரீ என்பவர் நீச்சல் உடையுடன் வின்சென்ட் வண்டியின் மேல் குப்புறப் படுத்து, மணிக்கு 150 மைலைத் தாண்டினார். அசையும் பின்சக்கரம் வண்டியை நெளிய வைக்கும் என்ற பேச்சுக்கு அதைவிடத் தெளிவான பதில் தேவைப்படவில்லை.

ஆனால் புகழ் கணக்கைத் தீர்க்கவில்லை. வண்டிகளைச் செய்யும் செலவு அதிகம், வாங்குபவர்கள் குறைவு. 1955 டிசம்பரில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றது. 1959 இல் நிறுவனம் கடன்காரர்களுக்காக நியமிக்கப்பட்டவர்களின் கைக்குப் போனது. வின்சென்ட் 1979 மார்ச் 27 இல் காலமானார்.

அதற்குள் உலகம் அவர் பக்கம் வந்திருந்தது. 1949 இல் விற்பனைக்கு வந்த என்ஃபீல்ட் புல்லட் அசையும் பின்கவையுடன் வந்தது. வின்சென்ட் தன் கடைசி வண்டியைச் செய்த அதே 1955 இல், சென்னையில் புல்லட்டைப் பூட்டும் வேலை தொடங்கியது. 1973 இல் யமஹா, பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ் வகுத்த ஒற்றை ஷொக் அமைப்புடன் மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றது. முக்கோணமான பின்கவை என்று அதிலும் வின்சென்டின் சாயல் தெரிந்தது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் பைக் ஓட்டியவர்கள் நாங்கள். கிடைத்ததை வைத்து வண்டியை ஓட வைக்கும் கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. அது அப்போது உயிர் காத்தது. ஆனால் இன்று காயப்பட்ட முதுகுகளும், தோட்டத்துப் பிள்ளைகளும் பின்னால் இருக்கும்போது, ஓடுகிறது என்பது மட்டும் போதாது.

பதுளைக் கராஜ்காரர் பழைய பற்சக்கரத்தைத் திரும்பப் பூட்டினார். செயினைச் சரிபார்த்து, ஸ்பிரிங்கை இரண்டு பேரின் பாரத்துக்கு ஏற்ற அளவுக்குத் தளர்த்திவிட்டார். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துத்தான் போக வேண்டியிருந்தது. பசறைக்குத் திரும்பும் வழியில், மாமா என் தோளிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.