மைனரைப் படைத்த மேதை

களுபோவில வைத்தியசாலையைச் சூழ்ந்த தெருக்களிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் நடந்து செல்வோர் இன்றும் ஓரோர் வேளை ஒரு பழைய நண்பனைச் சந்திப்பதுண்டு. உருண்ட முதுகும் விரிந்த கண்களும் உடைய அந்த நண்பன்தான் மொறிஸ் மைனர் கார். ஒரு காலத்தில் வைத்தியரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் மிச்சம் பிடித்து வாங்கிய வாகனம் அது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த மைனரைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே நம்மவர் காலம் கழித்தனர். 1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பின்னரும் பலர் அதைக் கைவிட மனங்கொள்ளவில்லை.

இப்பொழுது அக்காரை உடையோரிடையே ஒரு வழக்கு எழுந்துள்ளது. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வரை செல்ல இடந்தரும் அப்பாதையில், காலி வீதியின் மெல்லோட்டத்துக்குப் பழகிய மைனரின் இயந்திரம் அலறுகிறது. ஆகவே அதன் பின்னச்சிலுள்ள பற்சக்கரங்களை மாற்றி, இயந்திரம் இளைப்பாறி ஓடச் செய்ய வேண்டும் என்பர் ஒரு சாரார். படைத்தவன் வைத்த உறுப்பை மாற்றுவது பழமைக்குச் செய்யும் துரோகம் என்பர் மறு சாரார். இவ்வழக்கைத் தீர்க்குமுன், அக்காரைப் படைத்தவர் யார், அவர் எதை விரும்பினார், எதைப் பெற்றார் என்பதை அறிவது தகும்.

அலெக் இசிகோனிஸ் 1906 நவம்பர் 18ஆம் நாள், அன்று துருக்கியப் பேரரசில் இருந்த ஸ்மேர்னா துறைமுக நகரிலே பிறந்தார். தந்தையார் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். கப்பல் இயந்திரத் தொழிலில் வல்லவர். தாயார் ஜேர்மனியின் பவேரியா நாட்டு வழிவந்தவர். தொழிற்சாலையின் ஓசையே தாலாட்டாக வளர்ந்த பிள்ளைக்கு, 1922 செப்டெம்பரில் வாழ்வு தலைகீழாயிற்று. போரின் முடிவில் நகரம் துருக்கியப் படையின் கைக்கு மாறவே, பிரித்தானியக் கடற்படையினர் அக்குடும்பத்தை மோல்ற்றாத் தீவுக்கு ஏற்றிச் சென்றனர். வீடும் தொழிலும் போயின. சிறிது காலத்துள் தந்தையாரும் மறைந்தார். 1923இல் தாயும் மகனும் இங்கிலாந்திலே கரையேறினர். ஊர் விட்டு ஊர் பெயர்ந்தோரின் துயரம் நம்மவர்க்குப் புதியதன்று. அத்துயரத்தினூடே அந்த இளைஞன் பற்றிக்கொண்ட கொழுகொம்பு இயந்திரக் கலை.

இலண்டன் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் பயின்றார். வரைதலில் அவர் கைக்கு நிகரில்லை. ஆனால் கணிதத் தேர்விலோ மூன்று முறை தவறினார். சூத்திரங்கள் கற்பனையைக் கட்டிப்போடுகின்றன என்ற எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. இதை மாணவர் பின்பற்ற வேண்டியதில்லை. எனினும் தேர்வுத் தாள் ஒருவனது முழு அளவன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று. 1934இல் ஹம்பர் கம்பனியிலும், 1936இல் ஒக்ஸ்போட் அருகே கவ்லியிலிருந்த மொறிஸ் தொழிற்சாலையிலும் சேர்ந்தார். ஓய்வு நேரங்களிலே நண்பர் ஜோர்ஜ் டவுசனுடன் கூடி, ஒரு சிறு பந்தயக் காரைத் தம் கையாலேயே உருவாக்கினார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் எளியோர் வாங்கத்தக்க ஒரு சிறு காரை வரையும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனத்தின் துணைத்தலைவர் மைல்ஸ் தோமஸ் அவருக்குப் பெருந்துணையாக நின்றார். சிறிய சக்கரங்களை வண்டியின் நான்கு மூலைகளிலும் வைத்து, நடுவிலுள்ள இடம் முழுவதையும் மனிதர்க்கு அளிப்பதே இசிகோனிஸின் கொள்கை. முன்புறத்தில் முறுக்குத்தண்டு வில்லும், கைக்கு உடனே பணியும் ஸ்டியரிங்கும் அமைத்தார். 1947இல் மாதிரி வண்டி ஏறத்தாழ ஆயத்தமான நிலையில், அது ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அழகாகத் தோன்றும் வரை இரு பாதிகளையும் நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்னமே செய்து முடித்த பம்பர்களையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டு ஒட்டவேண்டியதாயிற்று. தாம் வரைந்ததையே தாம் அறுக்கத் தயங்காத மனம் அது.

ஆனால் அவர் கேட்ட யாவும் கிடைக்கவில்லை. கிடையாகப் படுத்த நான்கு சிலிண்டர் கொண்ட புதியதோர் இயந்திரத்தை அவர் விரும்பினார். செலவு கருதி நிறுவனம் அதைக் கைவிட்டது. தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கோ காரின் தோற்றமே பிடிக்கவில்லை. ஈற்றில், போருக்கு முற்பட்ட மொறிஸ் எய்ற்றின் 918 சி.சி. இயந்திரமே புதிய உடலுக்குள் வைக்கப்பட்டது. 1948 செப்டெம்பரில் மைனர் உலகின்முன் வந்தபோது, அதன் உடல் புதிது, உயிர் பழையது.

இங்கேதான் பின்னச்சின் கதை தொடங்குகிறது. இயந்திரத்திலிருந்து வரும் சுழற்சியைப் பின்னச்சிலே ஒரு சிறு பற்சக்கரம் பெரியதொரு வளையச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. நம் மெக்கானிக்குகள் இவற்றைப் பினியன், கிரவுன் வீல் என்பர். சிறியதில் 9 பற்களும் பெரியதில் 41 பற்களும் இருந்தால், வண்டிச் சக்கரம் ஒரு முறை சுழல முன்தண்டு 4.555 முறை சுழல வேண்டும். இவ்விகிதம் கூடினால் ஏற்றத்தில் இழுவை மிகும். குறைந்தால் சமவெளியில் ஓட்டம் இலகுவாகும். இரண்டையும் ஒருங்கே பெற வழியில்லை. எனவே வலுக்குறைந்த இயந்திரத்துக்கு விகிதத்தைக் கூட்டியே கொடுக்க வேண்டும்.

1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றாயின. இசிகோனிஸ் விலகி அல்விஸ் கம்பனிக்குச் சென்றார். மைனருக்கு ஒஸ்ரினின் 803 சி.சி. இயந்திரம் வந்தது. அதன் வலு 30 குதிரை. பின்னச்சு விகிதம் 5.286. 1956இல் 948 சி.சி. இயந்திரத்துடன் 37 குதிரை வலு, விகிதம் 4.555. 1962இல் 1098 சி.சி., 48 குதிரை வலு, விகிதம் 4.222. இயந்திரம் வலுப்பெறுந்தோறும் தொழிற்சாலையே விகிதத்தைக் குறைத்து வந்ததை இவ்வெண்கள் காட்டுகின்றன. மணிக்கு 100 கிலோமீற்றரில் மைனரின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 930 முறை சுழலும். அப்போது உயர்ந்த கியரில் முதலாவது இயந்திரம் ஏறக்குறைய 4900 முறையும், இரண்டாவது 4250 முறையும், மூன்றாவது 3900 முறையும் சுழல வேண்டும். அதிவேகப் பாதையில் எழும் அலறலின் காரணம் இதுவே.

இன்று பலர், அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி. மிட்ஜெற் காரின் 3.9 விகிதச் சக்கரங்களை மைனரின் அச்சிலே பொருத்துகின்றனர். பினியனும் கிரவுன் வீலும் இணைபிரியாச் சோடி. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. மாற்றியபின் இயந்திரம் 3600 சுழற்சியில் அமைதி கொள்ளும். ஆனால் விலையின்றி எதுவும் வருவதில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில், நால்வரை ஏற்றிய 948 சி.சி. வண்டி முன்னைவிட விரைவில் கியர் இறக்கம் கேட்கும், 803 சி.சி. வண்டியோ திணறிவிடும். வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குவதால், 4.555 இருந்த இடத்தில் 3.9 வைத்தவர் உண்மையில் 100இல் செல்லும்போது அது 86 என்றே காட்டும். அதைத் திருத்தாமல் ஓட்டுவது ஆபத்து. பிரேக்கும் பழைய டிரம் பிரேக்கே என்பதை மறக்கலாகாது.

இசிகோனிஸின் கதையோ இன்னும் உயர்ந்தது. 1955இல் அவர் பழைய நிறுவனத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1956இல் சூயஸ் நெருக்கடியினால் எண்ணெய் அரிதாகவே, மிகச் சிறிய காரொன்று வேண்டும் என்றார் தலைவர் லெனாட் லோட். இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி, கியர்ப் பெட்டியை அதன் அடியிலே வைத்து, முன்சக்கரங்களையே இயக்கும் மினி காரை அவர் 1959 ஓகஸ்டில் அளித்தார். பத்தடி நீள வண்டியில் நால்வர் அமர்ந்தனர். மைனரின் பின்னச்சிலே சுழன்ற பற்சக்கரங்களை அவரே மினியில் பின்புறத்திலிருந்து அகற்றி முன்புறத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். அடுத்த ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது மைனரும் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. பிரித்தானியக் கார் எதுவும் அதற்குமுன் அவ்வெண்ணை எட்டியதில்லை.

1967இல் றோயல் சங்கத்தின் உறுப்பினர் பதவியும், 1969இல் சேர் பட்டமும் அவரை நாடி வந்தன. 1971இல் ஓய்வு பெற்றார். மணவாழ்வை நாடாது, ஸ்மேர்னாவிலிருந்து தம்முடன் வந்த தாயாரை அவர் கண்மூடும் வரை உடன் வைத்துப் பேணினார். 1988 ஒக்டோபர் 2ஆம் நாள் பேர்மிங்ஹாமிலே உயிர் நீத்தார்.

இனி வழக்குக்கு வருவோம். மைனரின் உடலும் அமைப்பும் இசிகோனிஸின் உள்ளத்தில் பிறந்தவை. அவற்றைச் சிதைப்போர் கலையைச் சிதைப்போரே. ஆனால் பின்னச்சு விகிதம் அவ்வாறன்று. அவர் விரும்பிய இயந்திரம் மறுக்கப்பட்டபின், கிடைத்த இயந்திரத்துக்கும் அக்காலப் பாதைக்கும் இடையே செய்துகொண்ட உடன்பாடு அது. பாதை மாறினால் உடன்பாடும் மாறலாம். ஏட்டுச் சுவடியின் மூலத்தைத் தொடாமல், காலத்துக்கேற்ற உரை எழுதுவதைப் போன்றது இது. ஆயினும் உரையாசிரியனுக்கு மூலத்தின் வலுத் தெரிந்திருக்க வேண்டும். தன் இயந்திரத்தின் வலுவையும் தான் ஏறவேண்டிய மலையையும் அளந்தறிந்து, கழற்றிய பழைய சோடியை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுபவன், அந்த மேதைக்குப் பிழை செய்தவனாகான்.